அப்பாவுக்காகப் பூட்டிய கந்தோர்

பண்டத்தரிப்பு
23.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். தொலைபேசியை எடுத்தால் அழுகை முந்துகிறது. அதனால் எழுதுகிறேன்.

புதன்கிழமை அப்பாவின் இறுதிச் சடங்கிற்காகப் பிரதேச சபைக் கந்தோரையும் அதன் உப அலுவலகங்களையும் பூட்டிவிட்டார்கள். சபையை நடத்திய முன்னாள் தவிசாளருக்கு மரியாதையாம். அம்மா செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்றுகூட, “சனம் காத்துக்கொண்டு நிக்கும் பிள்ளை” என்று அப்பா போய்த் திறந்த கந்தோர் அது. எங்களுக்காக ஒருநாளும் பூட்டியதில்லை.

அங்கே வேலை செய்யும் உதயகலா என்றொரு பெண் சவப்பெட்டியைக் கட்டிப்பிடித்து, “என்னைப் படிப்பிச்ச தெய்வமே” என்று குழறி அழுதாள். அவளுடைய பள்ளிக்கூடச் சோதனை முடிவை முதலில் பார்த்தவர் அப்பாவாம். என் முடிவு வந்த அன்று அவர் கூட்டத்தில் இருந்தார். “பெத்த பிள்ளையள் நிக்கவேணும், தள்ளி நில்லும்” என்று அவளிடம் சொன்னேன். பிறகு அவள் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். நான் செய்தது பிழை என்று எழுதிவிடாதீர்கள்.

அன்புத் தங்கை
கஜந்தினி


ரொறன்ரோ
02.04.2025

அன்புள்ள தங்கச்சி,

பிழை என்று எழுதவில்லை. உனக்கு அவளில் பொறாமை, எனக்கு உன்னில். கடைசி மாதங்களில் அப்பாவைக் குளிப்பாட்டியது நீ, ஊட்டியது நீ. கொள்ளி வைக்கவேண்டிய மகன் நான், செத்தவீட்டைத் தொலைபேசியில் பார்த்தேன். படம் பிடித்தவர் பேச்சாளர்களையே காட்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் முகம் தெரிந்த நேரம் உன் தலை மறைத்தது. “கொஞ்சம் விலகன்” என்று இங்கே இருந்து கத்தினேன்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கந்தோரில் அப்பா எங்களைப் பற்றிக் கதைத்திருப்பாரா? அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். கேட்டு எழுது.

அன்புடன் அண்ணை
கோபிசங்கர்


பண்டத்தரிப்பு
12.04.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களுக்காகத்தான் கந்தோருக்குப் போனேன். என்னைக் கண்டதும் உதயகலா எழுந்து நின்றாள். நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன்.

“ஐயா வீட்டைப் பற்றி ஒருநாளும் கதைச்சதில்லை, அக்கா.”

அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“உம்மைப் பற்றியும் வீட்டிலை கதைச்சதில்லை” என்றேன்.

வருகிற வியாழக்கிழமை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் அரைநாள் பூட்டலாமா என்று சபைச் செயலாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். உதயகலாவை மட்டும் வரச் சொன்னேன். லீவு எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.

“ஐயாவுக்கு என்ன கறி விருப்பம், அக்கா? நான் சமைச்சுக்கொண்டு வாறன்.”

வாழைப்பூவை அரிந்து செய்யும் வாழைப்பொத்தி வறை என்று அவளுக்குத் தெரியவில்லை, அண்ணை! எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

“நீர் சும்மா வாரும், அது போதும். அதை நான்தான் சமைப்பன்” என்றேன்.

அன்புத் தங்கை
கஜந்தினி