மூன்று சொட்டுக் கிராம்பு எண்ணெய்

ஏப்ரல் 28, திங்கள்

விடுமுறைக்கு எல்லாரும் கடலுக்குப் போகிறார்கள். நான் நிலவறைகளுக்குப் போகிறேன். நமூர் நகரத்தில் ஒயின் கடை வைத்திருக்கும் காஸ்பார் தெல்வோவுக்கு ஒரே மகளாகப் பிறந்தால் இதுதான் கதி. ஒயின் விளையும் பர்கண்டியில் ஊர் ஊராக இறங்குவது, பீப்பாயிலிருந்து ருசி பார்ப்பது, துப்புவது, ஏறுவது, அடுத்த ஊர். நாள் முழுக்க ஒயினில் முங்கியும் சொட்டு உள்ளே போகாத குடும்பம் எங்களுடையது. அப்பா இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் சாக்கடைத் துளைக்குக் குறி தவறாமல் துப்புவார். எனக்கு அந்தத் துப்பு இன்னும் வரவில்லை. என் சட்டையைப் பார்த்தாலே தெரியும்.

இந்த முறை புதிதாக ஒரு பழக்கம். ஒவ்வொரு கோப்பையையும் என்னிடம் நீட்டி, “நீ முதல்ல சொல்லு ஒடில்” என்கிறார். பதினாறு முடிந்ததற்கு மரியாதை போல. இன்று ஒரு ஒயினுக்கு, “கல்யாணச் சட்டை போட்டுக்கிட்ட நனைஞ்ச நாய்” என்றேன். ஒயின்காரர் இருமும்வரை சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 29

ஞானப்பல் முளைக்கிறது. ஞானம் வருவதாகத் தெரியவில்லை, வலி மட்டும். மருந்துக்கடையில் கிராம்பு எண்ணெய் கொடுத்தார்கள், சின்னக் குப்பி. கார் முழுக்க அந்த நெடி. ஷாம்பூ வாசனை வந்தாலே “ருசி பாக்கப் போற அன்னிக்கு இது என்ன கூத்து” என்று என்னைத் தலை அலசத் துரத்துகிற அப்பா, ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனிதர் முதிர்ந்துவிட்டார் என்று விட்டுவிடலாம். எனக்கு விடப் பிடிக்கவில்லை. அந்தப் பெரிய மூக்குக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 30

என்ன செய்துவிட்டேன் நான்.

வரிசையாக எழுதுகிறேன். சொலாஞ்ச் பெராஷோன் என்ற ஒயின்கார அம்மாவின் வீடு. அப்பா அவரிடம் இருபது வருடமாக வாங்குகிறார். அவருடைய தோட்டத்தின் மேல்பக்கத்துச் சிவப்பு ஒயின் மொத்தமே ஆறு பீப்பாய்தான். வாசலிலேயே என்னை மோப்பம் பிடித்தார்.

“பல் டாக்டர் வாடை அடிக்குதே.”

“ஞானப்பல்.”

“உனக்கா? டாக்டர் வேற எதையாவது பாத்திருப்பாரு.”

கீழே இறங்கினோம். ஆறாவது பீப்பாய். சொலாஞ்ச் கண்ணாடிக் குழலால் உறிஞ்சி அப்பாவின் கோப்பையில் விட்டு, சுண்ணக்கட்டி எடுக்க அந்தப் பக்கம் திரும்பினார். அப்பா நோட்டைத் தேடினார். “நான் புடிச்சுக்கறேன்” என்று கோப்பையை வாங்கி, பாக்கெட்டிலிருந்த குப்பியிலிருந்து மூன்று சொட்டு. என் திட்டமே இரண்டு நொடிக்குத்தான்: அப்பா மூக்கை விடுவார், அலறுவார், கோப்பை சரளைக்கல்லில் கொட்டப்படும், சிரிப்பு, திட்டு, முடிந்தது.

அப்பா மூக்கை உள்ளே விட்டார். நன்றாக, நீளமாக இழுத்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு வாய் எடுத்துச் சுழற்றினார், துப்பினார். “லேசாச் சுருக்குனு இருக்கு. இந்த வருஷ ஒயின் முதுகு நிமிந்து நிக்குது சொலாஞ்ச்” என்றார். பிறகு, நல்ல ஒயினை மண்ணில் கொட்டக் கூடாது என்ற இந்த ஊர் வழக்கப்படி, மிச்சத்தைப் பீப்பாய்க்குள்ளேயே திரும்ப ஊற்றினார்.

சொலாஞ்ச் அடைப்பை வைத்துக் கைமுஷ்டியால் ஒரு குத்துக் குத்தினார். “சனிக்கிழமை ஆறையும் ஒண்ணாக் கலந்துடுவேன்.”

நான் நின்றேன். என் விரலை முகர்ந்தேன். கிராம்பு. கண் எரிகிற அளவுக்குக் கிராம்பு.

அப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை. எதுவுமே.

இரவு விடுதியில் அப்பா குளிக்கும்போது நோட்டை எடுத்துப் பார்த்தேன். “நனைந்த நாய், கல்யாணச் சட்டை.” “பள்ளிக்கூட மரப்பெட்டி, உள்ளே பழுத்த செர்ரி.” “தாத்தாவின் பைக் சீட்.” நான் கிண்டலாகச் சொன்னதெல்லாம், ஒரு சொல் மாறாமல், அவருடைய சுத்தமான கையெழுத்தில். அவர் சொந்தமாக எழுதிய வாசனை ஒன்றுகூட இல்லை.

பதினாறு முடிந்ததற்கு மரியாதை இல்லையா அது? என் மூக்கைக் கடன் வாங்கியிருக்கிறார். கேட்காமல்.

மே 1

இன்று மே தின விடுமுறை. கடை, நிலவறை, எல்லாம் மூடல். என் வாயும்.

மே 2, வெள்ளி

நாளை கலந்துவிடுவார். ஒன்று கெட்டது ஆறாகிவிடும். பீப்பாயைப் பற்றிச் சொன்னால் அப்பாவின் மூக்கைப் பற்றியும் சொன்னதாகிவிடும் – அடுத்த ஊருக்குப் போகும் வழியில் நாற்பது கிலோமீட்டர் இதையே மென்றுகொண்டு வந்தேன். கடைசியில் காரிலேயே கொட்டிவிட்டேன், அழுகையும் மூக்குச்சளியுமாக. அப்பா வண்டியை ஓரம் கட்டினார்.

“பிப்ரவரி ஜுரத்துலேர்ந்து” என்றார். “காப்பியும் தெரியல, கருகினதும் தெரியல.”

“ஏன்பா சொல்லல?”

“மூக்கில்லாத ஒயின் வியாபாரிய யாரு கீழ இறங்க விடுவாங்க?”

“நான் போன் பண்ணிப் பீப்பாயப் பத்தி மட்டும் சொல்றேன். நீங்க மூந்து பாக்கவே இல்லன்னு...”

“அந்தம்மா எதிர்லதானே மூந்தேன்.” வண்டியைத் திருப்பினார்.

அப்பா கேட்டுக்கொண்டபடி சொலாஞ்ச் ஆறாவது பீப்பாயிலிருந்து எடுத்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். “ஞானப்பல்லா?” என்றார். தலையாட்டினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா தன் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

சொலாஞ்ச் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, அதுதான் மோசம்.

“இந்தப் பொண்ணு அரை நிமிஷம் வெளையாடினா. நீங்க என் எதிர்ல நின்னு முதுகெலும்பு அது இதுன்னு பேசினீங்களே காஸ்பார். அத நம்பித்தானே கலக்க இருந்தேன்.”

“இந்தப் பீப்பாய நானே எடுத்துக்கறேன்.”

“எடுத்து? கிராம்பு ஒயின்னு விப்பீங்களா? பாட்டில் மேல எம் பேர்தானே இருக்கும்.”

பீப்பாயின் நெற்றியில் பெரிய பெருக்கல் குறி போட்டார். இந்த வருடம் எங்களுக்கு ஒரு பாட்டிலும் இல்லையாம். படியேறும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும். அடுத்த வருஷம் ரெண்டு பேரும் வாங்க. அவ பாக்கெட்ட வெளிய இழுத்துக் காட்டிட்டு எறங்கட்டும்.”

மே 3

அப்பா காலையிலிருந்து ஒயின்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்தார், தன் மூக்கைப் பற்றிச் சொல்ல. ஒருவர் வர வேண்டாம் என்றார். ஒருவர் பேச்சு முடிவதற்குள் வைத்துவிட்டார். ஒரு அம்மா கால் மணி நேரம் ஆறுதல் சொல்லிவிட்டு, அவரும் வர வேண்டாம் என்றார். ஜுரா மலைப்பகுதியில் இருக்கும் அர்ஸென் மட்டும் எடுக்கவே இல்லை. நேரில் போகலாம் என்றார் அப்பா.

பல் வலிக்கிறது. எண்ணெய் வைக்கவில்லை.

மே 5, திங்கள்

அர்ஸென் போன் எடுக்காத காரணம் முற்றத்திலேயே தெரிந்தது. காதைக் குவித்துப் பிடித்துக்கொண்டு, “என்ன?” என்றார். இரண்டாம் தடவை அப்பா அடிவயிற்றிலிருந்து கத்தினார்: “எனக்கு வாசனையே தெரியறதில்லங்க! இவதான் மூக்கு!” எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அப்பாவின் கழுத்து வரை சிவந்துவிட்டது.

அர்ஸென் யோசித்தார். “எனக்குக் காது போச்சு, உனக்கு மூக்கு போச்சு. கண்ணு போனவன் ஒருத்தன் கெடச்சா சங்கமே ஆரம்பிச்சிடலாம். எறங்கு, எறங்கு.”

முதல் இரண்டும் நன்றாக இருந்தன. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், அப்பா நாக்கில் வைத்துப் புளிப்பையும், ருசி நாக்கில் நிற்கும் நீளத்தையும் சொன்னார். மூன்றாவதை ஒரு பழைய பாட்டிலிலிருந்து ஊற்றினார் அர்ஸென், முகமெல்லாம் பெருமை. முகர்ந்தேன். ஈரமான அட்டைப்பெட்டி, தக்கை கெட்டால் ஒயினில் ஏறும் வாடை. நாய் நகைச்சுவை ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

“இது சரியில்ல” என்றேன். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அர்ஸென் கோப்பையை வாங்கி முகர்ந்தார். மறுபடியும். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. பேனா நோட்டின் மேலேயே நின்றது.

அர்ஸென் பாட்டிலை அப்படியே தரையில் கவிழ்த்தார். உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்து, தக்கையைப் பிடுங்கி, புதுக் கோப்பையில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

நான் மூக்கை உள்ளே விட்டேன். அவசரப்படவில்லை. இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.