பெண் வீட்டார், கடைசி வரி

ஜூலை 21

கடைக் கம்ப்யூட்டரில் டைப்செட்டிங் மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றியாச்சு. ஒரு மாதமாக வீட்டுக்காரரோடு வாக்குவாதம். கட்டிக்கொண்ட நாளிலிருந்து எதைப் புதிதாக வாங்கினாலும் "பழசுக்கு என்ன கேடு?" என்று கேட்கிற மனுஷர் அஸ்லம். என்ன கேடா? நிக்காஹ் பத்திரிகைக்கு மேலே வைக்கிற அரபி வரி எழுத்தெழுத்தாகப் பிய்ந்து, தலைகீழ் வரிசையில் வரும். அதைப் படமாக எடுத்து ஒட்டுவேன். தமிழில் கொம்பு மேல் வரியின் கடைசியில் நிற்கும், அதற்குரிய எழுத்து கீழ் வரியில் போய் உட்காரும். இனிஷியல் ஒரு வரி, பேர் ஒரு வரி.

இன்று பிஸ்மில்லாவை அடித்தேன். கோர்த்த மாதிரி வந்தது. ஆசைக்கு அழித்துவிட்டு இன்னொரு தடவை அடித்தேன்.

ஜூலை 23

புதுசில் என்னென்ன வசதி என்று வாசித்துக்கொண்டே இருக்கிறேன். பேர்களை ரெண்டு பத்தியாகப் போட்டால் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் நிற்காமல் தானாகவே சமன் செய்துவிடுகிறது. முன்பெல்லாம் கண்ணால் பார்த்துப் பார்த்து இடைவெளி கொடுப்பேன். இனி உத்தமபாளையத்தில் என் கடைப் பத்திரிகைதான் அழகு. (சொன்னால் திமிர் என்பார்கள். இங்கே எழுதலாம்.)

ஜூலை 28

பக்கத்துத் தையல் கடை பாண்டியம்மாள் அக்கா, மகள் ஓவியாவின் கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் கொண்டுவந்தது. செப்டம்பர் நாலாம் தேதி முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு ஊர் போடி. சந்தோஷமாக இருக்க வேண்டிய முகம், ஆனால் இல்லை.

காரணம் அண்ணன். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற கருத்தக்கண்ணன். ஓவியாவுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன். தன் மகன் விஜய்பாண்டிக்கு ஓவியாவை முறையாகப் பெண் கேட்டார். அவள் மேலே படிக்கணும், மாட்டேன் என்றுவிட்டாள். அன்றிலிருந்து மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. மாமன் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டிய பெண். அவர் வராவிட்டால் யார் பிடிப்பது?

பேரைப் போடுவதா வேண்டாமா என்று அக்காவுக்கு ஒரே குழப்பம். கடைசியில் சொன்னது: "போடு ரெகானா. ஆனா எங்க பக்கத்துல கடைசி வரியா போடு. வந்தாகன்னா அந்த வரி தனியா எடுப்பா நிக்கும். வரலைன்னா கடைசி வரிதானே, யாரும் கேக்க மாட்டாக."

இந்த மாதிரி யோசனையெல்லாம் எந்த மென்பொருளில் வரும்?

ஆகஸ்ட் 2

புரூஃப் பார்த்து அக்கா சரி சொல்லிவிட்டது. மேலே ரெண்டு தலைப்பு, இடது பக்கம் பெண் வீட்டார், வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டார்; கீழே பேர்கள் ஒரே பட்டியலாக ரெண்டு பத்தியில். அண்ணன் பேரை மட்டும் விரலால் ஒருதடவை தடவிப் பார்த்தது.

ஆகஸ்ட் 4

போடியிலிருந்து போன். அவர்கள் பக்கத்தில் ஒரே பேர் ரெண்டு இடத்தில் வந்திருக்கிறதாம். ஒன்றை எடுத்துவிட்டு, அச்சடிக்க அல்லிநகரம் பிரஸ்ஸுக்கு அனுப்பியாச்சு.

ஆகஸ்ட் 12

அஸ்லம் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்துவிட்டார். ஆடி கழியட்டும் என்று அது பிரிக்காமலே சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டதாம்.

ஆகஸ்ட் 18

ஆவணி பிறந்ததும் முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அக்காவும் அதன் வீட்டுக்காரர் பிச்சைமணி அண்ணனும் வெற்றிலை பாக்குத் தட்டோடு ஓடைப்பட்டி போய்வந்தார்கள். தாய்மாமன் வாசலுக்கு வந்தாராம். தட்டை ரெண்டு கையாலும் வாங்கினாராம். காபி கொடுக்கச் சொன்னாராம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அக்கா இதை நாலு தடவை சொன்னது. நாலு தடவையும் கேட்டேன்.

ஆகஸ்ட் 19

யா அல்லாஹ். என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்.

காலையில் விஜய்பாண்டி அக்காவுக்குப் போன் செய்தான். அப்பா ராத்திரி சாப்பிடவில்லையாம். "பொண்ணைக் கேட்டேன், இல்லைன்னாக. இப்ப என்னைய மாப்பிள்ளை வீடுன்னு அச்சடிச்சு நக்கல் பண்றாக" என்று ஒரே ஆட்டமாம். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. பத்திரிகையை எடுத்துக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தது. விரித்துப் பார்த்தோம்.

வலது பக்கம். மாப்பிள்ளை வீட்டார். முதல் பேர் — கருத்தக்கண்ணன், ஓடைப்பட்டி.

எப்படி? எப்படி அங்க போச்சு? ஃபைலைத் திறந்தேன். போடிக்காரர் பேரை எடுத்தேன் இல்லையா, அவர்கள் பக்கம் ஒரு வரி குறைந்துவிட்டது. பத்தி ரெண்டும் சமமாக நிற்க வேண்டும் என்று இது இடது பக்கத்துக் கடைசி வரியைத் தூக்கி வலது பக்கம் தலையில் வைத்திருக்கிறது. தப்பு மென்பொருளில் இல்லை. சமன் செய்வேன் என்றது, செய்தது. சின்னத் திருத்தம்தானே என்று புரூஃப் எடுக்காமல் அனுப்பினவள் நான்தான். எழுத்துப் பிழை மட்டும் பார்த்தேன். எழுத்தெல்லாம் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்று மட்டும் சொல்லிவிட்டு, போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்தது. வெகுநேரம் மிஷின் ஓடும் சத்தமே கேட்கவில்லை.

ஆகஸ்ட் 20

அஸ்லம் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. பழசுக்கு என்ன கேடு என்று கேட்பார் என்று காத்திருந்தேன். "நாளைக்கு ரெண்டு பேரும் ஓடைப்பட்டி போவோம், உள்ளதைச் சொல்லுவோம்" என்றார். இந்த மனுஷரைப் பற்றி முதல் நாள் எழுதினதை அடித்துவிடலாமா?

ஆகஸ்ட் 21

நாங்கள் போக வேண்டி வரவில்லை. ஷட்டரைத் தூக்குகிறேன், அவரே நிற்கிறார். வெள்ளை வேட்டி, கையில் பத்திரிகை.

"இதை அடிச்சது நீதானாம்மா?"

நான்தான் அண்ணே என்றேன். பாண்டியம்மாள் அக்காவுக்கு இதில் ஒன்றுமே தெரியாது, என் தப்பு, மிஷின் மாற்றி வைத்துவிட்டது என்று உளறினேன். நம்பவில்லை. மிஷினுக்கு எங்க குடும்பச் சண்டை தெரியுமாக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பேசிப் பயனில்லை என்று ஃபைலைத் திறந்து காட்டினேன். போடிக்காரர் பேரை மறுபடி சேர்த்தேன். அவர் பேர் இடது பக்கம் வந்து நின்றது. எடுத்தேன். வலது பக்கம் தாவியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இன்னொருக்கா செய்யி" என்றார். செய்தேன். இன்னொருக்கா. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கோபம் இறங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. பிறகு விரலைத் திரையின் இடது பக்கத்தில் வைத்தார்.

"எம் பேரு இங்கன இருக்கணும் ஆத்தா. அங்கன எனக்கு என்ன சோலி? நான் பொண்ணு வீட்டுக்காரன்."

திரும்பிப் பார்த்தால் வாசலில் அக்கா. கழுத்தில் அளவு டேப்போடு நிற்கிறது. எப்போது வந்ததோ. அவரும் பார்த்துவிட்டார். அவர் என்னிடம் சத்தமாகக் கேட்டார்: "பந்தக்கால் என்னைக்குன்னு கேளும்மா."

அக்கா என்னைப் பார்த்தே சொன்னது: "வெள்ளிக்கிழமைன்னு சொல்லு ரெகானா. கால் ஊன்ற அவுகதான் வரணும்னும் சொல்லு."

நடுவில் நான் எதற்கு? ஆனாலும் ரெண்டையும் அப்படியே திருப்பிச் சொன்னேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆகஸ்ட் 22

தானாகச் சமன் செய்வதை நிறுத்திவிட்டு, பேர்களைத் தனித்தனிப் பெட்டியில் போட்டேன். புதுப் பத்திரிகை என் பொறுப்பு. இடது பக்கம் கொஞ்சம் நீளம்தான். இருக்கட்டும்.

செப்டம்பர் 4

கல்யாணத்துக்குப் போய்வந்தோம். கருத்தக்கண்ணன் அண்ணன் ஓவியாவுக்கு மாலையைப் போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவந்தார். அவள் அழுதாள். அவர் அழவில்லை என்று காட்டிக்கொண்டார். பந்தியில் விஜய்பாண்டி ஓடி ஓடி இலை போட்டான்.

தாலி கட்டி முடிந்ததும் மேடையில் குடும்பப் படம். மணமக்களுக்கு இடது பக்கம் பெண் வீட்டார் நெருக்கியடித்து நின்றார்கள். கடைசி ஆளாக அண்ணன். வலது பக்கம் கொஞ்சம் காலி. போட்டோகிராபர் கேமராவிலிருந்து தலையை எடுத்து, "சார், அந்தக் கடைசில நிக்கிறவுக இந்தப் பக்கம் வந்துருங்க. ரெண்டு பக்கமும் சமமா இருக்கும்" என்றார்.

அண்ணன் மேடையிலிருந்தே கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். பிறகு தங்கச்சி தோளை ஒட்டி இன்னும் நெருங்கி நின்றுகொண்டார்.

"சமமா இல்லாட்டி பரவாயில்லப்பா. அப்படியே எடு."