மற்ற முழங்கால்

இன்று மத்தியானம் குடை தேடி அலுமாரியின் கீழ்த்தட்டைக் கிளறினேன். கையில் வந்தது முழங்காலில் நீ சுற்றும் பிளானல் துணிக் கட்டு. உன் மனைவி அதைத் துவைத்து, இறுக்கிச் சுருட்டி, ஊசி குத்தி என்னிடம் தந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அவள் போட்ட சவர்க்காரத்துக்கெல்லாம் அந்த எண்ணெய் மசியவில்லை. பிலிமத்தலாவை முறிவு வைத்தியர் காய்ச்சித் தந்த கறுப்பு எண்ணெய். வேம்பும் கருகிய பூண்டும் கலந்த அதே மணம். மழையை மறந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்திருக்கக் கதிரையைப் பிடிக்க வேண்டியிருந்தது. நீ பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய்.

என்னை முதன்முதலாகப் பார்த்தபோதும் நீ சிரித்தாய். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக் கந்தோருக்கு நான் கிளாக்கராக வந்த புதிது. பந்தை எந்தப் பக்கத்தால் உதைப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. கையெழுத்து அழகாயிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நம் உதைபந்தாட்டக் குழுவுக்கு என்னைக் காரியதரிசி ஆக்கிவிட்டார்கள். வந்த முதல் கிழமையே பெயர்ப் பட்டியலோடு போகம்பரை மைதானத்தின் நடுவுக்கு நடந்து வந்து, உன் முகவரி முழுமையாக இல்லை என்று சொன்னேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. "மடுல்கெல்லைன்னு போடுங்கண்ணே, அது போதும். அங்க என் வலது காலைத் தெரியாத ஆளில்ல" என்று சொல்லிவிட்டு நீ வலது ஓரத்தால் ஓடிப்போனாய். வெறுங்காலோடு நீ ஓடிய அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த விளையாட்டில் ஏதோ இருக்கிறது என்று புரிந்தது.

பிழை கண்டால் பொறுக்காத வியாதி எனக்கு. தேத்தண்ணிக் கடையில் சீனி ஒரு கரண்டி கூடினாலும் கடைக்காரனைக் கூப்பிட்டுச் சொல்லாமல் குடிக்கமாட்டேன். நீ அதை வைத்து என்னை ஓட்டாத நாள் இல்லை. ஆனால் உன் முழங்கால் விஷயத்தில் மட்டும் நாம் இருவரும் சேர்ந்து ஊரையே ஏமாற்றினோம்.

மழைக்காலச் சேற்றில் உன் வலது முழங்கால் ஒருமுறை திருகிக்கொண்டது. அடுத்த மழைக்காலத்திலும் அப்படியே. வீங்கும், வடியும், பிறகு மறுபடி வீங்கும். எதிரணிக்காரர்கள் சப்பாத்துக் காலோடு, கட்டுப் போட்ட முழங்காலைத் தேடித் தேடி உதைப்பார்கள். அதனால் கட்டை இடது முழங்காலில் போடும்படி நீ ஒருநாள் சொன்னாய். "நல்ல காலு அடி தாங்கும்ண்ணே." நான்தான் கட்டிவிட்டேன். நம் ஆட்களுக்குக்கூடச் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கடையில் ஒருவன் வாய்விட்டால் மறுநாள் கண்டி முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்தோம். ஆகவே நம் குழு முழுவதும் உன் இடது கால்தான் கெட்டுப்போனது என்று நம்பியது. மூன்று வருஷம் உன் இடது காலுக்காக நேர்த்தி வைத்தார்கள், பாவங்கள்.

பிறகு நீ எங்களை விட்டுப் போனாய். மடுல்கெல்லைத் தோட்டத்துத் துரை தன் தொழிற்சாலைக்கு ஒரு குழு சேர்த்து, உனக்கு அங்கே வேலையும் தந்தார். அந்த வருஷக் கிண்ணப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. கிழவனான உன் அப்பா அந்தத் தோட்டத்து லய வீடொன்றில் தனியாக இருந்தார் என்பது எனக்குத் தெரியும்; மற்றவர்களுக்குச் சொல்லாதே என்றாய், சொல்லவில்லை. இறுதி ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். உன் பெயரை எடுத்தாலே ஆட்கள் எழுந்து போகும் நிலைமை.

இரண்டு வருஷம் கழித்து, அப்பாவை அடக்கம் செய்துவிட்டு, முன்னைவிட மோசமான முழங்காலோடு நீ திரும்பி வந்தாய். கட்டுகஸ்தோட்டையில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி, நாம் காக்கா என்று கூப்பிடும் நம் குழுத் தலைவர், உன்னைப் பழையபடி கடையில் சேர்த்துக்கொண்டார். கடையில் சேர்ப்பது வேறு, குழுவில் சேர்ப்பது வேறு. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று, கீழே ஆற்றைப் பார்த்தபடி நீ என்னிடம் கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"ஒரே ஒரு சீசன் போதும்ண்ணே. எப்படியும் இந்தக் காலு நொண்டத்தான் போகுது. கடையில உக்காந்து நொண்டியாகிறத விட, ஓடி நொண்டியாகிட்டுப் போறேனே."

முயற்சி செய்கிறேன் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை, வேதக்காரரான நீங்கள் எல்லாரும் மாதா கோயில் பூசை முடிந்து வந்த பிறகு, காக்காவின் கடைப் பின்னறையில் ஆணி மூட்டைகளுக்கு நடுவில் கூட்டம் நடந்தது. அந்த வருஷக் கிண்ணப் போட்டிக்குப் பட்டியல் அனுப்ப அதுதான் கடைசி நாள். ஒருமுறை அனுப்பினால் பெயரை மாற்ற முடியாது. ஆட்டத்தின் நடுவில் ஒருவன் விழுந்தால் இன்னொருவனை இறக்கவும் முடியாது. பஸ் ஓட்டும் நம் கப்டன் உன் பக்கம் நின்றார். நீ அரை மணித்தியாலம் ஓடினால் மற்றவர்கள் முழு ஆட்டமும் ஓடியதற்குச் சரி என்றார். காக்கா தாடியைத் தடவிக்கொண்டு, "மனுசன் தங்கம். ஆனா அவன் விழுந்தா மிச்சம் பத்துப் பேர்தானே? பத்துப் பேரோட ஏலாது" என்றார். ஒரு மணித்தியாலம் உன் முழங்காலைப் பற்றியே பேசினார்கள். நீ விட்டுப் போனதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. எல்லாருடைய மனதிலும் அதுதான் இருந்தது. முழங்கால் சரியென்றால் அதையும் மன்னித்துவிடத் தயாராயிருந்தார்கள். மன்னிக்க அவர்களுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

அதற்காகத்தான் என் ஊர்க்காரரான ஆஸ்பத்திரி அப்போதிக்கரியைக் கூட்டி வந்திருந்தார்கள். எந்தக் கால் என்று அவர் கேட்டார். கப்டன், காக்கா, கோல் காப்பவர், மூன்று பேரும் ஒரே நேரத்தில் உன் இடது காலைக் காட்டினார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அப்போதிக்கரி கட்டை அவிழ்த்தார், மடக்கினார், நீட்டினார், தட்டினார். "இதுக்கு என்ன குறை? என்ரை முழங்காலை விட நல்லா இருக்குது" என்றார். அறையே மலர்ந்துவிட்டது. காக்கா உன் முதுகில் தட்டி, "எழுதுங்க, எழுதுங்க" என்றார். கப்டனின் கண் கலங்கியதைப் பார்த்தேன். நான் பேனையை மையில் தோய்த்தேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். கெஞ்சிய பார்வை அல்ல அது. பாலத்தில் பேசியதை நான் மறக்கவில்லை என்று நம்பிய பார்வை.

"அது இல்லை ஐயா, மற்றக் கால்" என்று சொன்னது நான்தான்.

பிறகு நடந்தது அதிக நேரம் எடுக்கவில்லை. அப்போதிக்கரி வலது முழங்காலை ஓரிடத்தில் அழுத்தினார், நீ உதட்டைக் கடித்தாய். இன்னொருமுறை திருகினால் படி ஏற முடியாது, குந்தி எழும்ப முடியாது என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார். உன் இடத்தில் வேறொரு பெயரை எழுதினேன். நீ கட்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாய். எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு. என்னிடம் மட்டும் "வர்றேங்கய்யா" என்றாய். அதுவரை நான் உனக்கு அண்ணன்.

உன் காலைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இனி இல்லை. அந்தக் கணத்தில் உன் கால் என் நினைவிலேயே இல்லை. பிழையான ஒன்றை என் கையால் எழுதப் போகிறேன் என்பது மட்டுமே தெரிந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது. சீனி கூடிய தேத்தண்ணிக்குத் திறக்கிற அதே வாய். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உன் முகம் அணைந்துபோனது. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அந்த வருஷம் பதினொரு பேரும் முழு முழங்காலோடு இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றார்கள்.

நீ மைதானத்துக்கு வராமல் விடவில்லை. கோட்டுக்கு வெளியே குடைக்குக் கீழ் நின்று கத்துவாய். என்னைக் கண்டால் "ஐயா". ஒன்பது மாதம் அப்படியே போனது. பிறகு ஒரு மழை நாள், அச்சகத்தில் வேலை செய்த புது விளையாட்டுக்காரன் ஒருவன் நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நீ உன் பிளானல் கட்டை எடுத்து என் மடியில் எறிந்தாய்.

"அண்ணே, இவனுக்குக் கட்டிவிடுங்க. எந்தக் கால்லன்னு ஒங்களுக்கே தெரியும்."

குத்தலா, மன்னிப்பா என்று நான் அப்போது யோசிக்கவில்லை. "அண்ணே" என்று காதில் விழுந்ததே போதுமாயிருந்தது. அவனுடைய நல்ல காலில் கட்டினேன். அதன்பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு ஐந்தாறு வருஷம் கிடைத்தது. சொல்லலாம், சொல்லலாம் என்றே இருந்துவிட்டேன்.

மகாவலி ஆறு வற்றிப் பாறைகள் தெரிந்த வருஷம் வந்தது. தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகி, மலேரியாக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு ஆள் எடுத்தது. உன்னையும் எடுத்தது. படி ஏறவும் குந்தவும் முடிந்த காலோடுதான் போனாய்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு உன் வீட்டுக்கு வந்திருந்தேன். உன் மனைவி இந்தக் கட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அவரு அடிக்கடி சொல்லுவாருங்க, 'அன்னைக்கிக் காரியதரிசி அண்ணன் எனக்காகக் கண்ண மூடிக்கிட்டு எழுதப் போனாரு. நான்தான் மத்தக் காலக் காட்டுனேன், அவரு கையால ஒரு பொய்ய எழுத வைக்க மனசு வரல'ன்னு. சாகிற கெழமகூடச் சொன்னாருங்க. ஒங்க மேல அம்புட்டுப் பிரியம் அவருக்கு."

என் வாய் திறந்தது. என்னை உனக்குத் தெரியும், திறக்காமல் இருக்குமா? இல்லைத் தங்கச்சி, அப்படி நடக்கவில்லை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். நீ எனக்காகக் கட்டிவைத்த கதையில் நான் எவ்வளவு நல்லவனாக இருந்தேன் என்று அந்த முகத்தில் தெரிந்தது.

"ஓம் பிள்ளை" என்று தலையாட்டினேன்.

பிழை என்று தெரிந்தும் நான் திருத்தாமல் விட்டது என் ஆயுளில் அந்த ஒன்றைத்தான். அதை இந்தக் கடதாசியில் இப்போது திருத்திவிட்டேன். கடதாசியை மடித்து உன் கட்டுக்குள் வைத்து, அவள் குத்தியிருந்த அதே ஊசியைக் குத்தி, அலுமாரியைப் பூட்டப் போகிறேன். கட்டுகஸ்தோட்டைக்குப் போகும்போது அவளைப் பார்க்கிறேன். அந்தக் கதையை ஒவ்வொரு முறையும் சொல்கிறாள். நானும் ஒவ்வொரு முறையும் ஓம் என்கிறேன்.