உத்தரவு கேக்காத ஆபரேஷன்

9.9.2024, திங்கள்

எனக்குப் பித்தப்பையில் கல்லாம். எடுத்துத்தான் ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். வர்ற திங்கக்கிழமை, கோவில்பட்டியில். இவருக்கு முகமே செத்துப்போச்சு. மக்காச்சோளம் விதைக்கிறதுக்குள்ள எந்திரிச்சு நடந்திருவேன்னு நான்தான் தைரியம் சொன்னேன். எனக்கும் உள்ளுக்குள்ள திக்திக்னுதான் இருக்கு.

11.9.2024, புதன்

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மாவைப் பார்த்தோம். கேள்விமேல் கேள்வி. சுகர் இருக்கா, இளைப்பு உண்டா, பல்லு ஆடுதா. "சொந்தத்துல யாருக்காவது ஆபரேஷன்ல மயக்க ஊசி ஒத்துக்காமப் போயிருக்கா?" என்று கடைசியில் கேட்டார். "அதெல்லாம் ஒருத்தருக்கும் இல்ல மேடம்" என்றேன், படக்குன்னு.

12.9.2024, வியாழன்

புதூரிலிருந்து தவசி சித்தப்பா போன். அப்பாவின் தம்பி. ஆடு மேய்க்கிற காட்டிலிருந்தே கத்துறார். "ஏட்டி உமா, சாமிகிட்ட பூப்போட்டு உத்தரவு கேட்டியா? கேக்காம கத்தி வைக்காத தாயி. நான் பட்டது போதும்."

எரிச்சலா வந்துச்சு. அந்தக் கதை எங்க வகையறாவுக்கே தெரியும். இருபது வருஷம் முன்னே அவருக்குக் குடல்வால் ஆபரேஷன். வலியில் துடிச்சதால உத்தரவு கேக்காமலே தூக்கிட்டுப் போனாக. எல்லாம் முடிஞ்சும் ஆள் மரக்கட்டையாக் கிடந்தார். அஞ்சாறு மணி நேரம் மெஷின்தான் மூச்சு விட்டுச்சு. "பேசுறது பூரா காதுல விழுந்துச்சு, கண்ணத் தொறக்க முடியல, சாமி நெஞ்சுல ஏறி உக்காந்துட்டு" என்று பிறகு சொன்னார். சாமி குத்தம்னு முடிவாச்சு.

தோசை சுடுறப்போ கரண்டி அப்படியே நின்னுட்டு. ஐயோ — டாக்டரம்மா கேட்டது இதைத்தானே? இல்லைன்னுல்லா சொல்லிட்டு வந்திருக்கேன்! சீக்குன்னு நினைச்சிருந்தாத்தானே வாயில வரும்? கூறுகெட்டவளே.

13.9.2024, வெள்ளி

காலையிலேயே ஓடினேன். சிரிப்பாகளோன்னு பயம். டாக்டரம்மா சிரிக்கலை, பேனாவைக் கீழே வச்சிட்டு முழுசாக் கேட்டார். தொண்டையில் குழாய் போட ஒரு ஊசி உண்டாம், சில நிமிஷத்தில் அது கரைஞ்சிருமாம். சில குடும்பத்து ரத்தத்தில் அதைக் கரைக்கிற சத்து குறைவாம். அப்ப மூச்சும் விட முடியாது, கையும் அசையாது.

"சித்தப்பாவைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேர் ரத்தமும் பார்த்துட்டுத்தான் ஆபரேஷன்."

18.9.2024, புதன்

சித்தப்பாவும் நானும் ரத்தம் கொடுத்தாச்சு, ரிசல்ட் வரலை. திங்கக்கிழமை ஆபரேஷனும் தள்ளிப்போச்சு. இவர்மேல சும்மா சும்மா எரிஞ்சு விழுதேன்.

21.9.2024, சனி

வந்துட்டு. சித்தப்பாவுக்கு ரொம்பக் குறைவு. எனக்கும் குறைவுதான். அந்த ஊசியே வேண்டாம், வேற மருந்து இருக்குன்னு டாக்டரம்மா என் ஃபைல் மேலே சிவப்பு மையில் எழுதினார். எனக்கும் சித்தப்பாவுக்கும் தனித்தனியா ஒரு தாளும் எழுதிக் கொடுத்தார், இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதைக் காட்டணுமாம்.

27.9.2024, வெள்ளி

முழிச்சிட்டேன்! நேத்து ஆபரேஷன். கையை ஆட்டுங்கன்னாக, ஆட்டினேன். இவர் கையைப் பிடிச்சிட்டு நின்னார். அப்பாடி. வயிறு வலிக்கு, வலிச்சிட்டுப் போகுது.

3.10.2024, வியாழன்

வீடு வந்தாச்சு. மக விஜிக்கும் ரத்தம் எடுத்தாச்சு.

சித்தப்பா பார்க்க வந்தார். அவருக்கான தாளைக் கொடுத்து விவரம் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துக் கூட்டத் தெரியாது பாவம்.

"அப்ப நான் செஞ்ச குத்தம் இல்லையாட்டி?"

"இல்ல சித்தப்பா. பிறவியிலேயே ரத்தம் அப்படி. எனக்கும் அதே ரத்தம்தான்."

துண்டை முகத்தில் பொத்திட்டு ஓன்னு அழுதுட்டார். இருபது வருஷமா கொடைத் திருவிழாவுக்கு வந்தும் கோயிலுக்குள்ளே காலெடுத்து வைக்காம, வேப்பமரத்தடியில் நின்னே கும்பிட்டுட்டுப் போயிருக்கார் மனுசன். ஆட்டுக் காவலுக்கு நிக்கார்னுல்லா இவ்வளவு நாளும் நினைச்சோம்.

"இந்த வருஷம் உள்ள வரட்டுமா?" என்று என்கிட்டப் போய்க் கேட்டார்.