காடாத் துணியில் சுற்றி வந்த நல்லெண்ணெய்

குத்தாலம்,
ஆடி கடைசி வெள்ளி

அன்பு மகன் இனியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை கயல்விழியும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரிலும் மழையிலும் சளி காய்ச்சல் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ ஸாரிம்மா ஸாரிம்மா என்று ஆரம்பித்துவிடுகிறாய், அப்புறம் நான் சொல்ல வந்தது போய் உனக்கு ஆறுதல் சொல்வதே என் வேலையாகிவிடுகிறது. அதனால் யாரும் குறுக்கே பேச முடியாதபடி உட்கார்ந்து எழுதுகிறேன். சேக் தாவூது பாய் மகன் லீவு முடிந்து அடுத்த வாரம் டப்ளினுக்குத் திரும்புகிறானாம், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை படி.

இங்கே வாய்க்காலில் தண்ணீர் குறையில்லாமல் வருகிறது, குறுவை கதிர் தலைகாட்ட ஆரம்பித்துவிட்டது, யூரியாவுக்குத்தான் சொசைட்டி வாசலில் நாளெல்லாம் நிற்க வேண்டியிருக்கிறது. அப்பா காலையும் மாலையும் வரப்பிலேயே கிடக்கிறார், படுக்கும்போது முட்டி வலிக்கிறது என்று முனகுகிறார், டாக்டரிடம் போகலாம் என்றால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. நீ சொன்னால் கேட்பார், சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் கயலுக்கும் மன்னார்குடித் தமிழரசனுக்கும் நிச்சயம் என்று முடிவாகி, அவர்கள் வீட்டுக்கு ஆடிப்பெருக்குக்கு ஏதாவது நல்லதாக அனுப்ப வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். உனக்குத் தங்கை மேல் இருக்கிற பாசம் எனக்குத் தெரியாதா. ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா ராஜா. நீ டப்ளினில் இருந்துகொண்டே போனில் தஞ்சாவூரில் ஒரு கடையைக் கண்டுபிடித்தாயாம், எண்ணெய், வினிகர், வெளிநாட்டுத் தின்பண்டம் எல்லாம் விற்கிற கடையாம், பெரிய கம்பெனி இல்லை, ஒரு பையன் தனியாக நடத்துகிறானாம், அப்படிப்பட்டவர்களை நாம்தான் ஆதரிக்க வேண்டுமாம். நீ ஆதரித்த லட்சணம் இது. ஒரு மூங்கில் தட்டு, அதில் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், பக்கத்தில் அரைத்த சீயக்காய்த் தூள், எல்லாவற்றையும் சலவை செய்யாத புதுக் காடாத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டு, ஒரு சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அவர்கள் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறான் டெலிவரிக்காரன். அதற்கு அடியில் ஆலிவ் எண்ணெயும் வினிகரும் என்னென்னவோ பாட்டிலும் இருந்தது, சரி, ஆனால் முடிச்சை அவிழ்த்ததும் அவர்கள் கண்ணில் பட்டது மேலே இருந்ததுதானே. நம் பக்கத்தில் சம்பந்தி வீட்டிலிருந்து எண்ணெயும் சீயக்காயும் கோடித் துணியும் ஒன்றாக எப்போது வரும். கருமாதிக்குத்தானே வரும். அந்த வீட்டுப் பெரியவருக்கு, அதுதான் பையனின் அப்பாவுக்கு, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் கூட்டிவந்திருக்கிறார்கள்.

பையனின் அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டதாம். சம்பந்தம் பேசி முடித்த அறிவுச்செல்வன் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, ஆளு இன்னும் எழுந்து நடக்கல, அதுக்குள்ள கருமாதி எண்ணெய அனுப்பிட்டாங்க, எங்க வூட்டு மனுசனக் கொல்லப் பார்க்கிறாங்களா என்று கேட்டிருக்கிறார். சித்தப்பா நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாம் நேரில் போய் அவர்கள் சொந்தக்காரர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டால்தான் நிச்சயமாம், இல்லாவிட்டால் இத்தோடு சரியாம். கயல் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்பது உனக்கும் தெரியும்.

எனக்கு முதலில் உன் மேல்கூட இல்லை, அந்தக் கடை மேல்தான் ஆத்திரம். ரயிலேறித் தஞ்சாவூருக்கே போய்விட்டேன். மெடிக்கல் காலேஜ் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்டு வைத்திருக்கிறான். உள்ளே நுழைந்ததும் ஒரு நாற்றம், மழையில் நனைந்த சாக்ஸை ஊறுகாய் ஜாடிக்குள் போட்டு மூடி வைத்த மாதிரி. என்னப்பா எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று கேட்டேன், சீஸும்மா என்றான் பிரபு என்கிற அந்தப் பையன், ஏதோ மல்லிகைப் பூவைக் காட்டுவது மாதிரி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து கடை வைத்தானாம். மருந்துப் பாட்டில் அளவுக்கு எண்ணெயை ஊற்றி அடுக்கி வைத்திருக்கிறான், விலையை நான் எழுத மாட்டேன், அப்பா இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் படிப்பார். டேஸ்ட் பண்ணுங்கம்மா டேஸ்ட் பண்ணுங்கம்மா என்று காதைக் குடைகிற அளவு ஸ்பூனில் ஒவ்வொன்றாக நீட்டினான். கறுப்பாக ஒரு வினிகர், இத்தாலியில் மரப்பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடந்ததாம், நம் வீட்டில் ஒரு சாமான் அத்தனை வருஷம் கிடந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பையில் கொட்டுவோம். புளித்த வெல்லப்பாகில் துருப்பிடித்த ஆணியைப் போட்டது போல இருந்தது. அடுத்தது ஆலிவ் காய், உப்புத் தண்ணீரில் ஊறவைத்தது, வாயில் போட்டதும் துப்பக் கைக்குட்டை தேடினேன். பழைய சோற்று நீரைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் ஒட்டி ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறான், அதைப் பார்த்ததும் உன் அப்பா மட்டும் கூட வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நீரைக் குடித்துவிட்டு நடவுக்குப் போன வீடு நம் வீடு. நல்லெண்ணெய் மட்டும் நல்லெண்ணெயாகவே இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

தம்பி, எண்ணெயையும் சீயக்காயையும் காடாத் துணியில் சுற்றிக் கல்யாணம் பேசின வீட்டுக்கு அனுப்பினாயே, உங்கள் வீட்டில் சாவே விழுந்ததில்லையா என்று கேட்டேன். அவன் முகம் செத்துவிட்டது. பிளாஸ்டிக் வேண்டாம்னுதாம்மா துணி, எண்ணெய்க் குளியல் செட்டுன்னு தீபாவளிக்குப் போட்டது, நல்லா ஓடிச்சும்மா, யாரும் ஒண்ணும் சொல்லலியே என்று திக்கித் திக்கிச் சொன்னான். சொந்த ஊர் திருவையாறாம். அவனும் இந்த மண்ணில்தான் பிறந்தான், நீயும் இந்த மண்ணில்தான் பிறந்தாய், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு துளி விவரம் இல்லை. அதற்குமேல் அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றான். இதெல்லாம் நடந்து முடிந்த கதை, இதோடு போயிருந்தால் நான் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் சித்தப்பாவும் மன்னார்குடிக்குப் போனோம். அப்பாவுக்குச் சகுனம், சாஸ்திரம் எதிலும் நம்பிக்கை கிடையாது, ராகுகாலத்தில் தாலி கட்டிய மனுஷன் அவர். அங்கே கூடம் நிறைய அவர்கள் சொந்தக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், எங்களை உட்காரச் சொல்லவில்லை. அப்பா நடுவில் நின்று, பிள்ளை விவரம் தெரியாமல் செய்துவிட்டான், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொன்னார். சொல்லும்போது அவர் கை தானாகப் போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டது. அந்த நேரத்தில் அது அவருக்கே தெரியவில்லை. இனியா, உன் தாத்தா பண்ணை வாசலில் அப்படித்தான் நிற்பார் என்று நீயும் கேட்டிருப்பாய். தன் தோளிலிருந்து துண்டு யாருக்காகவும் இறங்காது என்று சொல்லித்தான் அப்பா உங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் தாத்தாக்களும் அதே மாதிரி நின்றவர்கள்தான், வெளியாட்கள் இல்லை, நம் சனம்தான். ஒருவர்கூட வேண்டாங்க, துண்டைப் போடுங்க என்று சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் சம்பந்தியம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது, உள்ளே வாங்க, சாப்ட்டுப் போங்க என்று சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப்போனார். தட்டில் வெள்ளரிக்காய் நறுக்கி, மேலே கறுப்பாக எதையோ ஊற்றி, சுற்றி ஆலிவ் காய் வைத்திருந்தது. வாடை மூக்கில் ஏறியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அலமாரியில் நீ அனுப்பிய பாட்டில்கள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன, ஆலிவ் எண்ணெய் பாதி காலி. தமிழரசன் தோசைக்கெல்லாம் அதைத்தான் ஊத்திக்கிறான், இங்க எங்க கிடைக்கும், உங்க பையன்ட்ட சொல்லி இன்னும் ரெண்டு பாட்டில் அனுப்பச் சொல்லுங்க என்று அந்தம்மா கூசாமல் கேட்டார். பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆலிவ் கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தார். அவர் உயிரை வாங்க வந்த தட்டாம் அது. அப்போ அந்த நல்லெண்ணெயும் சீயக்காயும் என்று கேட்டேன். அத வூட்ல வச்சிருப்பமா, பாத்திரம் தேய்க்க வர்ற பொண்ணுக்கிட்ட கொடுத்துட்டம், துணியையும் சேர்த்துத்தான், அவ வூட்ல சின்னப் புள்ளைங்க இருக்கு, தேய்ச்சுக் குளிக்கட்டும் என்றார். அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதா என்று கேட்டேன். அவங்களுக்கு என்ன ஆகப்போவுது என்று சிரித்தார்.

நான் அந்தக் கடையில் துப்பியதெல்லாம் ஒன்றுமே இல்லை இனியா. அந்தச் சிரிப்பைக் கேட்டபோது வந்த அருவருப்பைத் துப்பத்தான் முடியவில்லை. எண்ணெயில் சாவு இருக்கிறது என்று அவர்கள் நிஜமாகவே நம்புகிறார்கள், அதனால்தான் அதை வீட்டில் வைக்கவில்லை. நம்பிக்கொண்டே இன்னொருத்தி பிள்ளைகள் தலைக்கு அதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நல்லெண்ணெய் ஒருவரையும் கொல்லாது என்று எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கொடுத்தவர்கள் மனசில் என்ன இருந்தது. நான் தட்டைத் தொடவில்லை. அப்பாவும் தொடவில்லை. வெயில் ஏறுகிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டோம்.

கயலிடம் துண்டு விஷயத்தைச் சொல்லவே கூடாது என்று அப்பா என்னைக் கேட்டுக்கொண்டார், இந்தக் கடிதத்தில் படித்ததாக நீயும் அவளிடம் காட்டிக்கொள்ளாதே. எண்ணெய் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவரு அம்மாதான செஞ்சாங்க, அவருக்குத் தெரிஞ்சிருக்காது என்றாள் அவள். எனக்கும் அப்படி இருந்தால் போதும் என்றுதான் இருந்தது, மகளைப் பெற்றவள்தானே. தமிழரசனுக்கு என் முன்னாலேயே போன் போட்டாள், ஸ்பீக்கரில் வைத்தாள். நான்தான் குடுக்கச் சொன்னேன், வீணாப் போக வேணாம்னு, இதுக்கெல்லாமா போன் பண்ணுவ என்றான் அவன். சண்டை போடுகிற குரலில்லை, அன்பாகவே சொன்னான். அந்தக்கா பேரு என்ன என்று கயல் கேட்டாள். யாரு என்றான். பாத்திரம் தேய்க்கிறவங்க என்றாள். தெரியலியே, அம்மாவக் கேட்டுச் சொல்லவா என்றான். வைக்கிறேன் என்று கயல் வைத்துவிட்டாள். நிச்சயம் வேண்டாம்மா என்றாள். நன்றாக யோசித்தாயா என்று நான் ஒரு தடவை கேட்டேன். நாளைக்கு நானே அங்க இருந்துக்கிட்டு யாருக்காவது அப்படி எடுத்துக் கொடுத்துடுவேன்மா, பழகிடும் என்றாள். சொல்லிவிட்டு அழுதாள், நன்றாக அழுதாள், நான் தடுக்கவில்லை. மறுநாள் சித்தப்பாவிடம் நானே சொல்லி அனுப்பிவிட்டேன். அப்பா என்னிடம் காரணம்கூடக் கேட்கவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார்.

ஆகவே, நான் கெடுத்துவிட்டேன் நான் கெடுத்துவிட்டேன் என்று ஊர் முழுக்கப் புலம்பாதே. விவரம் கெட்டவன் என்று உன்னைத் திட்டத்தான் ஆரம்பித்தேன், திட்டியும் விட்டேன், அது அதோடு போயிற்று. அவர்களுக்குப் போன் போட்டுச் சமாதானம் பேசாதே. எந்தக் கடைக்கும் எதையும் ஆர்டர் கொடுக்காதே. வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு வெளியே போகாதே. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி கைகூடி, நோய் நொடி இல்லாமல், நாலு பேரை மதிக்கிற மனுஷனாக நீ நீடூழி இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. ஆவணிக்கு என்று போட்ட டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடாதே. நிச்சயம் இல்லை என்றாலும் வா. அவள் இப்போது யாரிடமும் பேசுவதில்லை, அண்ணன் எப்போ வருது என்று மட்டும் இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா பொன்னுத்தாய்