ஒரு நாள் முந்தி வா

லா சப்பல், பாரிஸ்
10.7.1988

அன்புத் தங்கை ஆலீசுக்கு,

மாதாவின் துணையால் நீ லண்டனில் நலமாயிருப்பாய் என்று நம்பி அக்கா எழுதுவது. உன் அத்தான் யோனும் நானும் சுகம். உன் கடிதம் கிடைத்தது. விசா கிடைத்ததும், லூர்து மாதாவிடம் போகும் வழியில் மூன்று நாள் பாரிசில் நிற்கப்போவதும் சந்தோஷம். தாதிப் படிப்புப் படிக்கிறவள் ஹோட்டலுக்குக் காசைக் கொட்ட வேண்டாம் என்பதும் சரிதான். எங்கள் ஒற்றை அறையில் அத்தானின் தம்பிமார் இருவரும் படுக்கிறார்கள்; நடுவில் கட்டிய சேலைதான் சுவர். உன்னை எங்கே படுக்க வைப்பது?

அதனால் அம்மா பாரிசுக்கு வெளியே பொண்டியில் அருட்பிரகாசத்தார் வீட்டை ஒழுங்கு செய்திருக்கிறா என்று எழுதியிருக்கிறாய். அங்கே வேண்டாம். பொண்டி தூரம். கோடையில் ரயில் ஒழுங்காக ஓடாது. அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள் உன்னை நித்திரைகொள்ள விடமாட்டார்கள்.

எங்கள் தெருவிலேயே ஜெர்மேன் என்று ஒரு வயதான பிரெஞ்சு மனுஷி இருக்கிறா. வியாழக்கிழமைகளில் அவவின் உடுப்புகளை நான்தான் அயர்ன் பண்ணுகிறேன். யாத்திரை போகிற பெண்பிள்ளைகளுக்குச் சும்மாவே இடம் கொடுப்பா. பூனை கட்டிலில் ஏறும், சீஸ் மணக்கும், நீ மூக்கைச் சுளிப்பாய். சுளித்தால் சுளி. உனக்குத் தரும் அறைக்குள் நின்று கதவை மூன்று தரம் பூட்டித் திறந்து பார்த்தேன். மனுஷி சிரிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. திறப்பை அப்போதே என் கையில் தந்துவிட்டா.

அத்தானுக்கு இது பிடிக்கவில்லை. "எங்கடை ஆக்கள் இருக்கேக்கை வெள்ளைக்காரியின்ரை வீட்டிலை ஏன் விடுறாய்? அருட்பிரகாசம் அண்ணை என்ன நினைப்பார்?" என்று இரண்டு நாளாகக் கேட்கிறார். நீயும் அக்காவுக்கு விசர் என்பாய். ரயிலையும் பிள்ளைகளையும் சொன்னால் நீ கேட்கமாட்டாய். இந்தக் கடிதத்தை இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இனி உள்ளதை எழுதுகிறேன்.

எண்பத்து நான்கில், கலியாணத்துக்கு முன் நான் தனியே வந்தபோதும் அம்மா அந்த வீட்டுக்குத்தான் அனுப்பினா. அருட்பிரகாசத்தார்தான் ஸ்டேஷனுக்கு வந்தார். அப்பாவின் பெயர் சொன்னார். எங்கள் கோயில் பெருநாளில் அப்பாவோடு சுரூபம் தூக்கிய கதை சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது, நான் வேறொன்றும் விசாரிக்கவில்லை. எங்கள் ஊர், எங்கள் கோயில் என்றால் போதும் என்றுதானே எங்களை வளர்த்தார்கள். இங்கே கன்னியர் மடத்தில் இடம் தரட்டுமா என்று கேட்டார்கள். தமிழ் வீடு இருக்கிறது, வேண்டாம் என்று என் வாயால்தான் சொன்னேன்.

அவருடைய மனைவி விடிய ஐந்து மணிக்கே துப்புரவு வேலைக்குப் போய்விடுவா. நான் படுத்த அறைக்குக் கொண்டி இல்லை. பெட்டியைக் கதவோடு தள்ளி வைப்பேன். பெட்டி நகரும்.

பதினொரு நாள் இருந்தேன். வேலை கிடைத்ததால் வெளிக்கிட்டேன் என்றுதான் எல்லாருக்கும் சொன்னேன். அத்தானுக்கும் தெரியாது. நத்தார்ப் பண்டிகைக்கு அவர்கள் எங்கள் அறைக்கு வருவார்கள். தேத்தண்ணீரை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிடுவேன். கோப்பை சுடும் என்பேன்.

இருபத்தெட்டாம் தேதி உன்னைக் கூட்டிப்போக, லண்டன் ஆட்கள் வந்திறங்கும் 'கார் து நோர்' ஸ்டேஷனுக்கு அருட்பிரகாசத்தார் வருவார். நீ இருபத்தேழிலேயே வந்துவிடு. எந்த ரயில் என்று எழுத நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை, காலையிலிருந்து நான் அங்கேயே நிற்பேன். டிக்கெட்டை மாற்ற முடியாவிட்டால் உடனே தந்தி அடி.

அம்மா கேட்டால், அக்கா பெருமைக்காரியாகிவிட்டாள், சொந்த ஆட்களை மதிக்கிறாளில்லை என்று எழுது. அந்தப் பழி எனக்குப் பாரமில்லை. நீ வந்த பிறகும் இதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேளாதே.

மாதா உன் கையைப் பிடித்துக் கூட்டி வரட்டும். அன்றைக்கு எனக்கு இப்படி ஒரு கடிதம் எழுத ஒருவரும் இருக்கவில்லை, ஆலீஸ். இதைக் கண்டவுடன், 'வருகிறேன்' என்று ஒரு வரி போடு.

உன் அக்கா,
மரியகொறற்றி