நக்கையின் பெயர் விடுபட்ட கடல்நூல் குறித்து

வெண்டுறை நாட்டுக் கரைகள் அனைத்தையும் தம் குடைக்கீழ்க் கொண்ட பேரரசி, கலங்காத்த பெருந்தேவியார் திருவுளப்படி, அரண்மனை நூலாய்வு அதிகாரி, உப்பளத்துக் கோடன் மகள் மருதி விடுக்கும் ஓலை. கல்விமன்றத் தலைவரும் ‘கடல்வழி விளக்கம்’ இயற்றிய பெரும்புலவருமான கீரந்தையார் காண்க. உமது மன்றம் செழிக்க, மாணாக்கர் பெருக, உமக்கு உடல்நலம் நெடிது நிலைக்க. இவ்வாழ்த்தை மனமாரவே சொல்கிறேன். இனிச் சொல்லப்போவதையும் அப்படியே.

பசியால் வாடும் மணற்றீவுக்கு நெல்லேற்றிய படகுகள் துறைமுகத்தில் காத்து நின்றன. வடக்கு நீர்வழி ஆழமானது, அதுவே குறுக்குவழி என்கிறது உமது நூல். அவ்வழியே படகுகளை விட என் முத்திரையைக் கேட்டீர். நான் தயங்கினேன். உடனே நீர், நான் இல்லாத அவையில் எழுந்து, வேறிரு நூல்களும் அதையே உரைக்கின்றன என்றும், மூன்று சான்றுகள் இருக்க, தன் குடியில் முதன்முதல் எழுத்தறிந்த பெண்ணொருத்தி மறுப்பது என்ன துணிச்சல் என்றும் வினவினீராம். பக்கத்திலிருந்தவர், உப்பு வாரிய கைக்கு ஓலை வழுக்கத்தானே செய்யும் என்று சொல்ல, அவையே சிரித்ததாம். சிரிக்கட்டும். இந்த இருக்கைக்குப் படித்துத்தான் வந்தேன். யாரும் தூக்கி உட்கார வைக்கவில்லை.

மூன்று நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தேன். மூன்றிலும் ஆமைப்பாறை நீர்வழிக்குக் கிழக்கே இருக்கிறது. தொலைவிலிருந்தே தெரியும் பாறை அது; கலம் செலுத்தும் எந்த மீகாமனைக் கேட்டாலும் மேற்கே என்பான். மூவரும் தனித்தனியே கடலைப் பார்த்து எழுதியிருந்தால் மூவருக்குமா ஒரே பிழை வரும்? ஒருவர் எழுதினார், அவரைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து நீர். சொற்களை மாற்றினீர், வரிசையைப் புரட்டினீர், எடுத்த இடத்தை மட்டும் சொல்லாமல் விட்டீர். உம்மிடம் இருப்பது மூன்று சான்றல்ல ஐயா, ஒன்றுதான்.

அந்த ஒன்றும் யாருடையது என்று தேடினேன். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் அவ்வழியே கலம் செலுத்திய நக்கை என்பவள் அரண்மனையில் சொல்லி எழுதுவித்த வாக்குமூலம் அது. அவள் பாறையை மேற்கேதான் சொன்னாள், பிழை படியெடுத்தவருடையது. அவள் சொன்ன ஆழமும் அன்றைக்கு மெய். பின்னர் வந்த பெரும்புயல் கடலடி மணலையே புரட்டிப் போட்டது. அதன்பின் அங்கே எவரும் ஆழம் பார்க்கவில்லை. நக்கையின் பெயரையும் ஆண்டையும் நீர் எழுதியிருந்தால், இது புயலுக்கு முந்திய பேச்சு என்று படிப்பவர் அப்போதே கண்டிருப்பார். இப்போதோ, படகோட்டிகளின் உயிரையும் தீவாரின் சோற்றையும் சேர்த்து மணலில் ஏற்றப் பார்த்தீர்.

பிறர் நூலை எடுத்தாள்வது குற்றமென்று நான் சொல்லவில்லை. நானும் பிறரைப் படித்துத்தான் எழுதுகிறேன். அவர் சொன்னது இது, அதில் நான் ஆராய்ந்து ஏற்றது இது, என் கருத்து இது என்று பிரித்துக் காட்டச் சொல்கிறேன். இதிலென்ன கூச்சம்?

ஆகையால் ஆணையாவது: வடக்கு வழிக்கு முத்திரை இல்லை. படகுகள் இன்று காலை தெற்கு வழியே புறப்பட்டுவிட்டன. வரும் பௌர்ணமி அவைக்குள், உமது நூலின் முதல் ஏட்டில் நக்கையின் பெயரையும் ஆண்டையும், நீர் பார்த்தெழுதிய நூலின் பெயரையும் பொறித்துக் கொணர்க. இன்றேல் அந்நூலுக்கு அரண்மனைச் சுவடிச்சாலையில் இடமில்லை.

இவ்வோலையில் நான் பிறரிடம் பெற்றதையும் சொல்லிவிடுகிறேன். தெற்கு வழி சுற்றானாலும் ஆழமுடையது என்பது சென்ற திங்கள் அவ்வழி போய்வந்த மீகாமன் ஓரியின் சொல். புயல் வந்த ஆண்டும், அது கடலடி மணலைப் புரட்டியதும் துறைக்கோயில் கல்வெட்டில் கண்டவை. மூன்று நூலும் ஒரே சான்று என்ற முடிவும், அதை நம்பிப் படகுகளை அனுப்பிய துணிவும் என்னுடையவை. நெல் போய்ச் சேரத் தாமதமானால் ஓரியை எவரும் கேட்க வேண்டாம். என்னைக் கேட்கலாம்.

பெருந்தேவியார் முழுதும் கேட்டு இலச்சினை இட்டார்கள். எழுதியவள் மருதி; எழுதித் தந்தவர் எவருமில்லை.